யார் செய்த பிழை?

செல்லூரில் நெசவுத் தொழில் முன்போல் இல்லை. ஆயினும் வைகையின் வடகரையிலுள்ள அத்தெருக்களில் காலை வேளையில் நடந்து சென்றால், ஏதாவதொரு வீட்டுக்குள்ளிருந்து தறியோசை இன்றும் காதில் விழாமற் போகாது. அத்தகைய வீடொன்றில்தான் நான் இக்கட்டுரையில் கூற விரும்பும் செய்தியை முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தேன். எமது பங்கைச் சேர்ந்த குடும்பம் அது. அவர்கள் இன்னார் என்று பிறர் அறியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

அவ்வீட்டில் ஒரு பெண்குழந்தை. மின்சாரம் நின்றுபோன இரவுகளில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் குழந்தையின் கண்ணொன்று பூனைக்கண்போல் மினுங்குவதைப் பாட்டி பலமுறை கண்டிருந்தார். அதனை அழகென்றே எண்ணி, கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று கன்னத்தில் மைப்பொட்டு வைத்து வந்தார். ஓராண்டு நிறைவு நாளன்று யாரோ கைப்பேசியில் ஒளி பாய்ச்சிப் படம் எடுத்தனர். அப்படத்தில் ஒரு கண்மணி செந்நிறமாகவும், மற்றொன்று பால் வார்த்தாற்போல் வெண்ணிறமாகவும் விழுந்திருந்தது. தாய்க்கு மனம் கேட்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்து மாதங்கள் அவ்வாறே கழிந்தன. அதன் பின்னரே பெரிய கண் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றனர். அங்கே குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சோதித்த மருத்துவர், விழித்திரையில் புற்றுநோய் என்றார். மினுங்கிய கண்ணில் கட்டி பெரிதாக வளர்ந்திருந்தது. ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் எண்ணியிருந்த மறுகண்ணிலும் இரண்டு சிறு கட்டிகள் இருந்தன.

ஒரு கண்ணை எடுத்துவிட நேர்ந்தது. மறுகண்ணை மருந்தாலும் லேசர் ஒளியாலும் காப்பாற்றினார்கள். குழந்தை உயிர் பிழைத்தது. இது பற்றி நன்றியோடு எழுதி முடித்துவிடலாம். ஆனால் நான் அவ்வீட்டுக்குச் சென்றபோது அங்கே எரிந்துகொண்டிருந்த நெருப்பு வேறு.

"சாமி, எங்க வம்சத்துல இப்படி ஒரு சீக்கு யாருக்கும் வந்ததில்ல. இவ கொண்டுவந்ததுதான்" என்றார் மாமியார். மருமகள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவள் கிரகண நாளில் வெளியே போனாளாம். ஏழாம் மாதத்தில் யாரோ தடுத்தும் கேளாமல் ஒரு சாவு வீட்டுக்குப் போனாளாம். அவளுடைய பாட்டனார் யாருக்கோ செய்த தீங்கு தலைமுறை தாண்டி வந்து நிற்கிறதாம். இவற்றையெல்லாம் மாமியார் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். கணவர் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்தவாறு, தலை நிமிராமல் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனம் அப்பெண்ணை மாமியாரின் பேச்சைவிட அதிகமாகச் சுட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைச் சுட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதும், ஆண்டவர் இரு தரப்பின் மீதும் பழி சுமத்த மறுத்ததும் நம் வாசகர் அறிந்தவையே. நானும் அதை அவ்வீட்டில் எடுத்துச் சொன்னேன். மாமியார் பணிவோடு கேட்டுக்கொண்டார். அவர் மனம் மட்டும் மாறவில்லை. "அப்ப எங்கேயிருந்துதான் சாமி வந்துச்சு?" என்ற கேள்வி அவர் முகத்தில் அப்படியே நின்றது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குருமடத்தில் நாங்கள் கற்ற மெய்யியலிலும் இறையியலிலும் குரோமோசோம்களுக்கு இடமில்லை. பின்னர் மருத்துவர்களைக் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இனி எழுதுகிறேன்.

இந்நோய்க்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே வரும். உலகில் ஏறத்தாழ 16,000 முதல் 18,000 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. எண்ணிக்கையாகப் பார்த்தால் இந்தியாவில்தான் மிகுதி. இங்கு மக்கள்தொகை பெரிது என்பதே அதற்குக் காரணம். ஆண்டுதோறும் 1,500க்குக் குறையாத குழந்தைகளுக்கு வருகிறது என்று மதிப்பிடுகின்றனர். நோயை முளையிலேயே கண்டு சிகிச்சை அளிக்கும் நாடுகளில் 100 குழந்தைகளில் 95க்கு மேல் பிழைத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் அவ்வளவு குழந்தைகள் பிழைக்காமைக்கு முதற்காரணம், காலம் கடந்து மருத்துவரிடம் செல்வதே.

இது சில குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வதை மருத்துவர் வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருந்தனர். பிரேசில் நாட்டைச் சேர்ந்த இலாரியோ டி கோவேயா என்னும் கண் மருத்துவர், கண் எடுக்கப்பட்டுப் பிழைத்த ஒரு சிறுவன் வளர்ந்து திருமணம் செய்து, அவன் பெற்ற மக்களுக்கும் அதே நோய் வந்ததை 1886ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். ஆனால் வேறு பல குடும்பங்களில் முன்னோர் எவருக்கும் இல்லாத இந்நோய் திடீரென ஒரு குழந்தைக்கு வந்தது. சிலருக்கு இரு கண்களிலும், சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் வந்தது. ஒரே நோய் ஏன் இவ்வாறு இருவகையாக நடந்துகொள்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது.

அப்புதிரை விடுவித்தவர் அமெரிக்க நாட்டின் ஆல்பிரட் நட்சன். அடிப்படையில் அவர் குழந்தை மருத்துவர். ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 48 குழந்தைகளின் குறிப்பேடுகளை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் முதன்மையாக நம்பியது, ஒவ்வொரு குழந்தைக்கும் எந்த வயதில் நோய் தெரிந்தது, ஒரு கண்ணிலா இரு கண்ணிலா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்னும் எளிய விவரங்களையே. இரு கண்களிலும் நோய் கண்ட குழந்தைகளுக்கு அது மிக இளம் வயதிலேயே வெளிப்பட்டது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குச் சற்றுக் காலந்தாழ்த்தி வந்தது. இந்த வயதுகளை வரைபடத்தில் இட்டுக் கணக்கிட்டபோது, முதல் வகையினருக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதுமானதாகவும், இரண்டாம் வகையினருக்கு இரண்டு நிகழ்ச்சிகள் தேவைப்பட்டதாகவும் கணக்கு காட்டியது. 1971ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். எந்த மரபணு என்று அப்போது யாருக்கும் தெரியாது. கண்ணால் காணாத ஒன்றின் இயல்பைப் பெருக்கலும் வகுத்தலும் கொண்டே சொல்லிவிட்டார் அவர்.

அவர் கூறியதை நம் வழக்கில் சொல்வதானால், ஒரு மிதிவண்டியை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு பிரேக்குகள் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். இரண்டும் போய்விட்டால்தான் சரிவில் வண்டி தறிகெட்டு ஓடும். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இணை இணையாக இருக்கின்றன. ஒன்று தந்தை தந்தது, ஒன்று தாய் தந்தது. ஆகவே உயிரணு அளவின்றிப் பெருகாமல் தடுத்து நிறுத்தும் மரபணுவும் இரண்டாக இருக்கிறது. சில குழந்தைகள் கருவாகும்போதே ஒரு பிரேக் பழுதான நிலையில் தோன்றிவிடுகின்றன. அவர்களின் விழித்திரையிலுள்ள எண்ணற்ற உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் மிஞ்சியிருப்பது ஒன்றே. அத்தனை உயிரணுக்களில் எங்கேனும் சிலவற்றில் அந்த ஒன்றும் பழுதாவது ஏறக்குறைய உறுதி. எனவே இரு கண்களிலும், பல இடங்களில், இளம் வயதிலேயே கட்டி தோன்றுகிறது. மற்றக் குழந்தைகள் இரண்டு பிரேக்கும் நன்றாக உள்ள நிலையில் பிறக்கின்றன. ஒரே உயிரணுவில் இரண்டும் தற்செயலாகப் பழுதாவது மிக அரிது. அப்படி நேர்ந்தால் ஒரு கண்ணில், ஓரிடத்தில், சற்றுப் பிந்தி நோய் வருகிறது.

நட்சன் கணக்கிட்டுக் கூறிய அந்த மரபணுவைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1986இல், ஸ்டீபன் பிரண்ட், தாடியஸ் டிரைஜா, இராபர்ட் வைன்பர்க் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 13ஆம் குரோமோசோமில் பிரித்தெடுத்தனர். ஆர்பி-1 என்பது அதன் பெயர். புற்றுநோயை அடக்கி வைக்கும் மரபணுக்களுள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுவே. பச்சிளங் குழந்தைகளின் கண்ணில் கண்டறிந்த இந்தப் பிரேக், உடலெங்கும் உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது பின்னர் தெரியவந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பால்போசிக்ளிப் என்னும் மருந்து, இந்தப் பிரேக்கை மீண்டும் இயங்கச் செய்யும் வழியில் அமைந்ததே. நட்சன் 2016ஆம் ஆண்டு, தம் 93ஆம் வயதில் காலமானார்.

இனி மதுரைக்கு வருவோம். செல்லூரிலிருந்து வைகைக் கரையோரமாகக் கிழக்கே போனால் அண்ணாநகர். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் இப்பக்கத்தில் இலர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அக்கைகளாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். கண்புரை அறுவைக்கே அம்மருத்துவமனை பெயர் பெற்றது என்றாலும், அதனைச் சார்ந்த ஆய்வு நிறுவனத்தில் கண் நோய்களின் மரபணுவியலை ஆராயும் பிரிவும் இயங்கி வருகிறது. அங்கு விழித்திரைப் புற்றுநோயின் மரபணுவை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் முனைவர் அய்யாசாமி வன்னியராஜன். அவரோடு, இக்குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த மருத்துவர் உஷா கிம், நோய்த்தடுப்பியல் அறிஞர் பேராசிரியர் வீரப்பன் முத்துக்கருப்பன் ஆகியோரும் இளம் ஆய்வாளர் சிலரும் சேர்ந்து உழைத்தனர்.

அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு யாது? ஆர்பி-1 மரபணு மிக நீளமானது. ஏறத்தாழ 1,80,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஏட்டில் பொருளுள்ள பகுதிகள் 27 துண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். நோயுண்டாக்கும் பிழை அந்த 27இல் எதிலும் இருக்கலாம். இரண்டு குடும்பங்களுக்கு ஒரே பிழை அமைவது அரிது. எழுத்தொன்று மாறியிருக்கலாம், துண்டொன்று முழுவதுமாக விடுபட்டிருக்கலாம், இருமுறை எழுதப்பட்டும் இருக்கலாம். ஆகவே ஒரு குழந்தையின் பிழையைக் கண்டுபிடிக்க ஏடு முழுவதையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும். அதற்குப் பல வாரங்களும் பெரும் பொருளும் தேவை. கூலிக்கு நெய்யும் குடும்பமொன்று அத்தொகையை எங்கே தேடும்?

மதுரைக் குழுவினர் கையாண்ட உபாயம் எளியது. எளியது என்பதனாலேயே எனக்கு அதன்மீது மதிப்பு மிகுதி. துணியில் குறை விழுந்தால், கைதேர்ந்த நெசவாளி பாவு முழுவதையும் முதலிலிருந்து ஆராய மாட்டார். எந்த இடத்தில் இழை அடிக்கடி அறுபடும் என்பது அவருக்குப் பழக்கத்தால் தெரியும். அவ்விடத்தை முதலில் பார்ப்பார். அங்கில்லை என்றால் அடுத்த இடம். அவ்வாறே இவர்களும், உலகெங்கும் இதுவரை கண்டறியப்பட்ட பிழைகள் தொகுக்கப்பட்டுள்ள தரவுத் தொகுப்பையும், இந்தியக் குழந்தைகளைப் பற்றி முன்னர் வெளியான ஆய்வுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் துண்டுகளில் எவ்வகைப் பிழை மிகுதி என்று வரிசைப்படுத்தினர். பிழை மிகுதியாக விழும் துண்டுகளை முதலிலும், அரிதாக விழுபவற்றைப் பின்னரும் சோதித்தனர். பிழை அகப்பட்டவுடன் அத்தோடு நிறுத்திவிடலாம் அல்லவா? இம்முறையில் 100க்கு 76 நோயாளிகளின் பிழையை அவர்கள் கண்டுபிடித்தனர். வழக்கமாகத் தேவைப்படும் காலத்தில் பாதியும், செலவில் மூன்றில் ஒரு பங்குமே ஆயிற்று. 2015ஆம் ஆண்டில் மனித மரபணுவியல் ஆய்விதழ் ஒன்றில் இதனை வெளியிட்டனர். உலகம் வியக்கும் புதுக் கண்டுபிடிப்பு அன்று என்று சிலர் கூறலாம். கூறட்டும். ஏழையின் வீட்டு வாசல்வரை அறிவைக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஆராய்ச்சிதான்.

பிழையைக் கண்டறிவதால் ஆகும் பயன் என்ன? நோய்தான் வந்துவிட்டதே என்று கேட்பவர் உண்டு. செல்லூர் வீட்டில் நானும் அக்கேள்வியைக் கேட்டேன். அப்போது அப்பெண் மீண்டும் கருவுற்றிருந்தாள்.

இக்குழந்தைகளில் 100க்கு 40 பேர் அளவில், பிறக்கும்போதே பழுதான பிரேக்கை உடலெங்கும் கொண்டவர்கள். இரு கண்களிலும் நோய் வந்த குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும் இவ்வகையினரே. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சிலர் இவ்வகையினராக இருப்பர் என்பதால், அவர்களையும் சோதிக்காமல் விடலாகாது. இவர்கள் வளர்ந்து பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பழுது செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெரியவர்களான பின் எலும்புப் புற்றுநோய் போன்ற வேறு கட்டிகள் தோன்றும் அபாயமும் இவர்களுக்கு உண்டு. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சை அதனை மேலும் பெருக்கும் என்பதால், மருத்துவர் இயன்றவரை அதைத் தவிர்ப்பர். எஞ்சிய 60 பேருக்கு இக்கவலைகள் இல்லை. யார் எந்த வகை என்று அறியாதபோது, உடன்பிறந்த குழந்தைகள் அனைவரையும், பிறந்த நாள் தொட்டுச் சில ஆண்டுகள்வரை, அடிக்கடி மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, பலமுறை மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைக்கும் துன்பம், பெற்றோருக்கும் வேலை கெடும். மூத்த குழந்தையின் பிழை இன்னது என்று தெரிந்துவிட்டால், இளைய குழந்தையின் சிறிதளவு இரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பிழை இருப்பின், கட்டி கடுகளவு இருக்கும்போதே பிடித்துக் கண்ணையும் காக்கலாம். இல்லையெனில் அச்சமின்றி வீட்டிலேயே வளர்க்கலாம்.

செல்லூர்க் குழந்தையின் பிழை அகப்பட்டது. அடுத்துப் பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். இருவரிடமும் அப்பிழை இல்லை. எனக்கே அது முதலில் விளங்கவில்லை. தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை என்றால் குழந்தைக்கு எங்கிருந்து வந்தது?

இந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒருவர் அளவுக்கே குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இந்நோய் இருந்திருக்கும். மற்றவர்களில், உடலெங்கும் பழுதைக் கொண்டு பிறப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது புதிதாக விழுந்த பிழை. ஒருவருடைய உடலில் உயிரணுக்கள் உண்டாகும்போதெல்லாம், 300 கோடி எழுத்துகள் கொண்ட ஏடொன்று படியெடுக்கப்படுகிறது. எத்தனை கவனமாகப் படியெடுத்தாலும் அங்குமிங்கும் ஓரெழுத்துப் பிசகுகிறது. பெரும்பாலான பிசகுகளால் தீங்கில்லை. அரிதாக ஒன்று, இவ்வளவு முக்கியமான மரபணுவில் விழுந்துவிடுகிறது. கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாவு வீட்டுக்கும் தொடர்பில்லை. தாய் உண்டதாலோ உண்ணாததாலோ, நடந்ததாலோ கிடந்ததாலோ வந்ததும் அன்று. சொந்தத்தில் மணந்ததால் வந்தது என்று சொல்வாரும் உண்டு. நெருங்கிய உறவில் மணப்பதால் மிகும் பரம்பரை நோய்கள் வேறு பல உள்ளன. அவற்றை நான் மறுக்கவில்லை, திருமணத்துக்கு முன் எம்மிடம் வரும் இளைஞர்களுக்கு எடுத்துக் கூறியும் வருகிறேன். ஆனால் இந்நோய் அவ்வகையைச் சேர்ந்ததன்று. இதில் ஒரே ஒரு பழுது பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்; இருவரும் உறவினரா அன்னியரா என்பது இங்கே ஒரு பொருட்டன்று.

மற்றுமோர் உண்மையும் உண்டு. அதனை நான் கையாண்ட விதம் பற்றி எழுத எனக்கு வெட்கமாயிருப்பினும், எழுதத்தான் வேண்டும். இவ்வாறு புதிதாக விழும் பிழைகளுள் மிகப் பெரும்பாலானவை, தந்தை வழியாக வந்த மரபணுவில் விழுந்தவை என்று 1989ஆம் ஆண்டு முதலே ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆணின் விந்தணுக்கள் வாழ்நாளெல்லாம் புதிது புதிதாகப் படியெடுக்கப்பட்டு வருவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இதைப் படித்தவுடன் எனக்கு ஒருவித உற்சாகம் உண்டாயிற்று. மறுநாளே அவ்வீட்டுக்குச் சென்று, மாமியாரை அழைத்து உட்கார வைத்து, "பாட்டி, நீங்கள் உங்கள் மருமகளைக் குறை கூறுகிறீர்கள்; பிழை அநேகமாக உங்கள் மகன் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்றே விஞ்ஞானம் சொல்கிறது" என்றேன். வழக்கில் வென்ற வக்கீலைப்போல் பேசினேன் என்றே சொல்ல வேண்டும். பாட்டி ஒன்றும் பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து அப்பெண் என்னைத் தேடிக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். "சாமி, அவர் ரெண்டு நாளா சாப்பிடல. பிள்ளையைத் தூக்க மாட்டேங்கிறார். எம்மேல இருந்ததாச்சும் நான் தாங்கிக்கிட்டேன். அவருக்குத் தாங்கல" என்றாள்.

ஒருவர் தலையிலிருந்த கல்லை இறக்கி மற்றொருவர் தலையில் வைத்தவன் நான். அன்று மாலையே ஓடினேன். தறிக் குழியின் விளிம்பில் அவருக்கு அருகே அமர்ந்தேன். மருத்துவர் எனக்குச் சொன்னதை, இம்முறை அவசரப்படாமல் சொன்னேன். ஆண் எவனும் தன் விந்தில் எந்த எழுத்துப் பிசகுகிறது என்பதை அறியவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அரசனுக்கும் அதே நிலை, ஆண்டிக்கும் அதே நிலை. பிழை என்ற சொல்லை ஆய்வாளர் ஆள்வது, எழுதும்போது விழும் பிழை என்னும் பொருளில். குற்றம் என்னும் பொருளில் அன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போயிற்று. அவர் நெடுநேரம் பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல நூலுதான் சாமி. ஆனாலும் எங்கேயாச்சும் ஒரு இழை அறுந்துடும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். நான் அத்தனை நாள் நூல்களில் தேடிய விளக்கம் அதுவே.

இளைய குழந்தை பிறந்தது, ஆண்குழந்தை. பெற்றோர் இரத்தத்தில் பிழை காணப்படாதபோதும், அவர்களுடைய உயிரணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் அது மறைந்திருக்கக்கூடும் என்பதால், சோதனை தேவை என்று மருத்துவர் கூறியிருந்தார். வாய்ப்புச் சிறிதே, ஆனால் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. குழந்தையின் இரத்தத்தில் பிழை இல்லை என்று முடிவு வந்தது.

கருவிலிருக்கும்போதே இச்சோதனையைச் செய்யவும் வழி உண்டு. அதன் முடிவைக்கொண்டு கருவைக் கலைப்பவரும் உண்டு. இதில் திருச்சபையின் நிலை யாதென்பதை இவ்விதழின் வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றக்கூடிய ஒரு நோய்க்காக உயிரையே நீக்குவது எவ்வகையில் பொருந்தும் என்று மட்டும் கேட்கிறேன். ஆனால் அதே அறிவைப் பிறக்கப்போகும் குழந்தையை வரவேற்று, பிறந்த சில நாளுக்குள் கண்ணைச் சோதித்துக் காப்பதற்கும் கொள்ளலாம். மேல்நாடுகளில் சில இடங்களில் அவ்வாறு செய்து வருகின்றனர்.

கைக்குழந்தை உள்ள இல்லத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கண்மணியில் வெண்ணிற ஒளி மின்னுவதையோ, மாறுகண்ணையோ கண்டால், சில நாள் பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். ஒளி பாய்ச்சி எடுக்கும் படங்களில் கேமராவின் கோணத்தால் நல்ல கண்ணும் சிலவேளை வெண்மையாக விழும் என்பது உண்மை. மாறுகண் பெரும்பாலும் வேறு காரணத்தாலேயே உண்டாகிறது என்பதும் உண்மை. அதை மருத்துவர் சொல்லட்டும். கண்மணியை விரியச் செய்யும் மருந்து இட்டு விழித்திரையைப் பார்க்கும் வசதியுள்ள கண் மருத்துவரிடம் அந்த வாரத்திலேயே செல்லுங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம். மதுரை அரவிந்த் மருத்துவமனையில் இந்நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்கென்றே 'ரிங் ஆஃப் ஹோப்' என்னும் உதவித் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் உள்ளன. கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடும் பெற்றோர் பலர். பெண்பிள்ளையாயிற்றே, கண்ணில்லாமல் யார் கட்டிக்கொள்வார் என்று அஞ்சுகின்றனர். மூளைக்குச் செல்லும் நரம்பு வழியே நோய் பரவும் முன் அக்கண்ணை எடுப்பதுதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. பொருத்தும் செயற்கைக் கண்ணை அருகிருந்து பார்த்தாலும் எளிதில் அறிய முடிவதில்லை.

செல்லூர்ச் சிறுமி இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். முகம் வளர வளரச் செயற்கைக் கண்ணை மாற்றி வருகிறார்கள். எஞ்சிய கண்ணுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்பதற்காக எந்நேரமும் கண்ணாடி அணிந்திருக்கிறாள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து, பிற பிள்ளைகளை எதிலும் முந்திக்கொள்கிறாள். பாட்டி இன்னும் அவள் கன்னத்தில் பொட்டு வைத்தே அனுப்புகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

சென்ற மாதம் அவளுடைய தாய் மருத்துவமனை தந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். மகளின் பிழை எந்த இடத்தில் உள்ளது என்று எழுதிய ஒற்றைத் தாள். "இதை வச்சிருக்கணுமா சாமி? நாளைக்கு இவளைப் பொண்ணு பார்க்க வர்றவங்க கையில கிடைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

கிழித்துவிடும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாள் என்பது அவள் தாளை மடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. இவள் வளர்ந்து ஒரு குழந்தை பெறும் நாளில், அக்குழந்தையின் கண்ணைக் காப்பதற்கு இந்தத் தாளில் உள்ள ஒரு வரியே வழிகாட்டும் என்று சொன்னேன். பெண் பார்க்க வருபவரிடம் சொல்லத்தான் வேண்டும், மறைத்து மணமுடிப்பது முறையன்று. ஆனால் சொல்ல வேண்டியவள் உன் மகள், சொல்லும் வயது அவளுக்கு வரும்வரை இது உன் கையில் இருக்கட்டும் என்றேன். அவள் முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் புலப்படவில்லை.

தாளைக் கிழிக்காமல் எடுத்துச் சென்றாள். மகளின் திருமுழுக்குச் சான்றிதழோடு சேர்த்துத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருப்பதாகப் பின்னர் ஒரு நாள் சொன்னாள்.